இசக்கிமுத்துவின் லைசென்ஸ்

என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் முதுகை வருடிக் கொடுத்தவன் நான் இல்லை. பக்கத்து வீட்டு இசக்கிமுத்து. பதினாலு வருஷமாக இது எனக்குள் கிடக்கிறது. இப்போது அவன் இல்லை. செத்தவனைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். பேசினால்தான் என்ன? அவன் இருந்தபோதும் முகத்துக்கு நேரேதான் பேசினேன்.

நல்லூரில் ராமாயி அம்மாள் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் எங்களுடையது நாலாவது, அவனுடையது ஐந்தாவது. நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்லுவான். வேலையும் ஒரே பனியன் கம்பெனியில்தான். அவன் ஓவர்லாக் டெய்லர், நான் அயர்ன் மாஸ்டர். அவன் தைத்ததை நான் தேய்க்க வேண்டும். தையல் கோணலாக இருந்தாலும் தேய்த்தவன் சரியில்லை என்றுதான் சூப்பர்வைசர் சொல்லுவார்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் லைன் முழுக்க அம்மை சுற்றிக்கொண்டிருந்தது. என் மகள் நாகஜோதி மூன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தாள். அவளுக்கு முதல் நாள் போட்டது. மறுநாளே என் வீட்டுக்காரி மயிலாளும் படுத்துவிட்டாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் நிலையில் வேப்பிலை செருகியிருக்கிறது, வாசலில் ராமாயி அம்மாள் கையை விரித்து நிற்கிறார். எனக்கும் சின்ன வயசில் அம்மை வந்திருக்கிறது, எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் என் அம்மா சொல்லுவாள், என்னை உள்ளே விடுங்கள் என்றேன். கிழவி கேட்கவில்லை.

"வந்திருக்கும் சாமி. ஆனா நீ நாளெல்லாம் இஸ்திரிப் பொட்டிக்கு முன்னால நிக்கறவன். அந்தச் சூட்டோட ஆத்தா இருக்கற ஊட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது."

டெய்லர் போகலாம், செக்கிங் ஆள் போகலாம், அயர்ன் மாஸ்டர் போகக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்? ராமாயி அம்மாள் மயிலாளைப் பார்த்துக்கொண்டார். நாகஜோதி கிழவிக்கு அடங்கவில்லை. சொறிந்துகொண்டு கத்தினாள். அப்போதுதான் இசக்கி கைகால் கழுவி, வேட்டி மாற்றி, ஏதோ தன் வீட்டுக்குள் போகிறவன் மாதிரி என் வீட்டுக்குள் போனான். அவனுக்கு எட்டு வயசில் இதே கொப்புளிப்பான் அம்மை வந்து போயிருந்தது. கன்னத்தில் நாலைந்து குழி இருக்கும். அதைத் தொட்டுக் காட்டி என்னிடம் சொன்னான்.

"இது ஆத்தா குத்தின முத்திரை அண்ணாச்சி. லைசென்சு. இனி ஏங்கிட்ட வரமாட்டா."

ஷிப்மென்ட் நேரம். சூப்பர்வைசர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அவன் வேலைக்குப் போகவில்லை. நான் போனேன். வீட்டில் இடமில்லாதவன் வேறெங்கே போவது? கம்பெனியிலேயே துணி ரோல்களின் மேல் படுத்துக்கொண்டேன். காலையில் தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டால், என் மகள் படுத்தபடியே சொன்னாள்.

"நீங்க போங்கப்பா. மாமன் கதை சொல்லீட்டு இருக்குது."

தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் சரியான பிறகும் அவளுக்கு எதற்கும் மாமன்தான். கணக்கு வரவில்லையா, மாமன். சைக்கிள் பெடல் கழன்றதா, மாமன். நான் ஒருத்தன் வீட்டில் இருப்பதை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இசக்கி அப்படி என்ன பெரிய ஆள்? சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர். பருத்திக் காட்டுக் கூலி வீட்டில் பிறந்தவன். மீசை முளைக்கும் முன்னே திருப்பூர் பஸ் ஏறி, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லர்கள் எழுந்து போகும் நேரத்தில் அவர்கள் மெஷினில் உட்கார்ந்து தைக்கப் பழகியவன். கல்யாணம் ஆனது. அந்தப் பெண் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கேட்டால், அவளுக்கு மெஷின் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணுவான். மெஷினில் உட்கார்ந்தால் பாடுவான், ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. என் குடையை வாங்கிக்கொண்டு போனவன் அது தன் குடை என்று என்னிடமே சாதித்தான். தேங்காயை அரைத்துக் கொட்டி ஒரு குழம்பு வைப்பான். அதன் பக்குவத்தைக் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டிலும் அதே குழம்பு வைக்க ஆரம்பித்தாள் மயிலாள். நன்றாக இருந்தது. நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு அம்மைக்குப் பிறகு அவனுக்கு மவுசு கூடிவிட்டது. நல்லூரில் எந்த வீட்டில் வேப்பிலை செருகினாலும் இசக்கியைத்தான் கூப்பிட்டார்கள். ஆறேழு பேராக ஒரே ரூமில் தங்கியிருந்த வடநாட்டுப் பையன்களில் ஒருத்தனுக்குப் போட்டபோது, மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், இவன்தான் போய் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன்கள் இன்றைக்கும் அவன் பேரைச் சொன்னால் நெஞ்சில் கை வைக்கிறார்கள். டீக்கடைக்குள் அவன் நுழைந்தால் பெஞ்சில் இடம் விடுவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டு வயசில் ஒருத்தனுக்கு நோய் வந்தது. அதில் அவன் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? நான் இருபது வருஷம் ஒரு காலர் கருகாமல் தேய்த்திருக்கிறேன். எனக்கு யாராவது பெஞ்சில் இடம் விட்டார்களா?

ஒரு கோடையில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா லைனுக்கு வந்து வீடு வீடாக விசாரித்தார். ஒரு தடவை ஒரு நோய் வந்து போனால் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்ளும், மறுபடி அது வந்தால் தலை தூக்குவதற்குள் அடித்துவிடும் என்றார். தடுப்பூசியும் அதே அடையாளத்தைத்தான் கொடுக்கிறது, நோயில் கிடந்து அவதிப்படாமலே கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். பெண்கள் விழித்தார்கள். உடனே இசக்கி எழுந்துவிட்டான்.

"செக்கிங் டேபிள்ல ஒரு டேமேஜ் பீஸை ஊக்குக் குத்தித் தொங்க விடுதோம்லா? அதப் பாத்து வச்ச பிள்ளைக கண்ணுக்கு அதே டேமேஜ் மறுபடி தப்புமா? எனக்கு லோடு முழுக்க டேமேஜா வந்து எறங்குச்சு, கெடந்து கத்துக்கிட்டேன். ஊசியில ஒரே ஒரு பீஸைக் காட்டுதாவ. அதுவும் பல்லப் புடுங்கின பீஸு."

நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். இனி எல்லா இடத்திலும் இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றார். செக்கிங் டேபிள் என் அயர்ன் டேபிளுக்கு அடுத்தது. தினமும் அந்த டேமேஜ் பீஸ் என் மூக்குக்கு நேரேதான் தொங்குகிறது. எனக்குத் தோன்ற வேண்டியது அவனுக்குத் தோன்றியது.

நர்ஸம்மா என்னிடமும் கேட்டார். அம்மை வந்ததுண்டு என்றேன். எந்த அம்மை என்றார். எல்லாம் ஒரே ஆத்தாதானுங்க, ஒருக்கா வந்துட்டுப் போயிட்டாங்க என்றேன். அவர் அப்படியில்லை என்று ஏதோ சொல்ல வந்தார். சந்தேகமாக இருந்தால் பெரியவர்களுக்கும் இந்த அம்மைக்கு ஊசி இருக்கிறது, வெளி ஆஸ்பத்திரியில் போடுவார்கள் என்றார். இசக்கி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சும்மா வாங்கி வந்ததை நான் ஊசி குத்தி வாங்குவதா? முடியாது என்று வந்துவிட்டேன்.

நாகஜோதியைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. ஒன்றரை மாத ஊசிக்குக் கிளம்பும்போது நானும் கிளம்பினேன். ஊசி என்றால் எனக்கு ஆகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அங்கே போய், நர்ஸம்மா மருந்தை உறிஞ்சி எடுப்பதைப் பார்த்ததுமே எனக்குக் காது அடைத்துவிட்டது. நாகஜோதி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய செருப்பப் பாத்துக்கங்கப்பா. மாமா, நீங்க வெச்சுக்கறீங்ளா?"

வைத்துக்கொண்டான். அதற்காகவே பிறந்தவன் மாதிரி சம்மணம் போட்டு, குழந்தையின் காலை முட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, பாதிப் பாட்டு ஒன்றைப் பாடினான். குழந்தை ஒரு வீறல் வீறியது, அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. நான் செருப்புகளோடு நின்றேன். வீட்டிலும் அது என் கையில் வந்ததும் அழும், நான் எழுந்து போய் ஐந்தாம் வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன். அங்கே போனதும் வாயை மூடிக்கொள்ளும்.

நர்ஸம்மா இன்னொன்று சொன்னார். தாய்க்கு வந்து போன நோய்களுக்கு, வயிற்றிலிருக்கும்போதே குழந்தைக்கும் கொஞ்சம் காவல் போய்ச் சேருமாம். சில மாதம் இருக்கும், பிறகு கரைந்துவிடும், அதற்குப் பின்னால் சொந்தக் காவல் வேண்டும், அதனால்தான் ஊசி என்றார். அப்படியானால், இசக்கி வருடிக் கொடுத்த அந்த அம்மையில் கிடைத்த காவல் என் மகள் வழியாக என் பேத்தி வரைக்கும் வந்திருக்கிறது. என் வீட்டுச் சொத்து, அதில் எனக்குப் பங்கு கிடையாது.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் நாகஜோதி தாராபுரம் போனாள். அதற்குப் பிறகுதான் இசக்கி இளைக்க ஆரம்பித்தான். மெஷினில் உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது. பாட்டு நின்றது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற அழைத்துப் போவார்கள், பிறகு கொஞ்ச நாள் லைன் வீட்டில் வந்து கிடப்பான். அந்த மருந்து கெட்டதைக் கொல்லும்போது உடம்பின் காவலையும் சேர்த்துக் கொல்லுமாம்.

அப்படி வந்து கிடந்த ஒரு தடவை அவன் இடுப்பில் அக்கி வந்தது. சின்ன வயசு அம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை, நரம்பில் சுருண்டு தூங்கும், காவல் பலமாக இருக்கும் வரை எழாது, காவல் குறைந்தால் அக்கியாக எழும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மாத்திரை கொடுத்து, கொப்புளத்தைத் துணியால் மூடி வைக்கச் சொல்லியிருந்தார். அந்த அம்மை வராத ஆட்களும் கைக்குழந்தையும் கிட்டே வரக் கூடாது, அந்த நீர் பட்டால் அவர்களுக்கு அம்மையாக வரும் என்றும் சொல்லியிருந்தார்.

நாகஜோதி போன் பண்ணினாள். குழந்தையோடு வருகிறாளாம், மாமாவைப் பார்த்துக்கொள்ள. எனக்கு மூட்டு வலி வந்து ஒரு மாதம் கிடந்தபோது போனில் தைலம் பேர் சொன்னவள்தான். அவள் வந்து சேர்வதற்குள் அவனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் நானே செய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். இந்தத் தடவை அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும். அக்கிக்குக் காவி எழுதும் குயவர் ஒருவரைத் தேடிப் போய்க் கரைத்த காவி வாங்கிக்கொண்டு, ஐந்தாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைக் கண்டதும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான். ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

லைசென்ஸ் ரத்தாகிவிட்டதா என்று கேட்டுச் சிரிக்கலாம் என்றுதான் வரும் வழியில் நினைத்திருந்தேன். அவனே சொல்லிச் சிரித்தான், அதிலும் முந்திக்கொண்டான். கதவைத் திற, எனக்கும் அம்மை வந்ததுதான், எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"கொப்புளமா நீரு கோத்துச்சா, வெறும் செவப்பா?"

"செவப்பா, மணலைத் தூவுனாப்பல இருந்துதுன்னு எங்கம்மா சொல்லும். கண்ணெல்லாம் பீளை கட்டிப் போச்சாம். இருமலும் காய்ச்சலும். எதா இருந்தா என்னடா? எல்லாம் ஒரே ஆத்தாதான?"

"அது மணல்வாரி அண்ணாச்சி. வேற ஆளு. ஓட்டை பாக்கப் பழகின செக்கிங் பிள்ளைக்கு சாய வித்தியாசம் புடிபடுமா? ஒங்க ஒடம்புக்கு இந்தச் சரக்கத் தெரியாது. போயிருங்க."

காவிக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பதினாலு வருஷமாக, இஸ்திரிச் சூட்டைச் சொல்லி என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ராமாயி அம்மாள் உள்ளே விட்டிருந்தால் நானும் சேர்ந்து படுத்திருப்பேன் போல. அதைச் சொல்லிக் கேட்கவும் அந்தம்மா இப்போது இல்லை.

மாலை பஸ்ஸில் நாகஜோதி வந்தாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஐந்தாம் வீட்டுக்குள் போனாள். அவள் போகலாம், அவளுக்கு வந்து போயிருக்கிறது. மயிலாள் கஞ்சி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவளுக்கும் வந்து போயிருக்கிறது. அதே தெரு, அதே ஜன்னல், மறுபடி வெளியே நான். எங்கள் வீட்டில் லைசென்ஸ் இல்லாத ஆட்கள் இரண்டே பேர், நானும் என் தோளில் கிடந்து கத்திய பேத்தியும்.

பழக்க தோஷத்தில் ஐந்தாம் வீட்டை நோக்கி நாலு எட்டு நடந்துவிட்டேன். பிறகு நின்றேன். கொடுக்க ஆள் இல்லை. தெருமுனை வரை போனேன், வந்தேன். பஸ்ஸைக் காட்டினேன், நாயைக் காட்டினேன். கத்தல் நிற்கவில்லை. என் சட்டைப் பட்டனைப் பிய்க்கக் கொடுத்ததும் கொஞ்சம் நின்றது.

நாகஜோதி சோப்புப் போட்டுக் கைகழுவி, துணி மாற்றி வந்து பால் கொடுத்தாள். அப்போது சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு வந்தா புள்ளைக்கு வருமுங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் உள்ள போனா புள்ளைய யாருகிட்டக் குடுக்கறது?"

யாரிடம் கொடுப்பது. என்னிடம்தான், வேறு ஆள் இல்லை. மறுநாள் காலையிலேயே வெளி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உங்கள் உடம்பில் இதற்கு எந்த எதிர்ப்பும் இல்லை என்றார். இசக்கி ஜன்னல் வழியாகச் சொன்னதைத்தான் இவரும் சொன்னார். ஊசி போடும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி என்றார்கள். அதையும் போட்டேன். எட்டு வயசில் அவன் கிடந்து வாங்கியதை ஐம்பது வயசில் நான் நின்று வாங்கினேன்.

அதற்குள் இசக்கியின் அக்கி காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. ஆனால் உடம்பு எழவில்லை. மறுபடி கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோனோம். ஊசி போட்ட பிறகு எனக்கு உடம்பில் ஏதாவது தடிப்பு வந்ததா என்று அங்கே கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்துக்கு மாஸ்க் கட்டி உள்ளே விட்டார்கள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கன்னத்துக் குழிகள் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது, சதை வற்றியதால் இருக்கும். சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன். அங்கே ஒரு அடையாளமும் இல்லை. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது என்றேன். டூப்ளிகேட் என்றான்.

மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டான். ஒன்பது முடிகிறது என்றேன். ஒன்பதாம் மாத ஊசி எதற்கென்று தெரியுமா என்றான். தெரியாது என்றேன். அவன் கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தான். எனக்குச் சூடு பழகின கை. அவன் கை குளிர்ந்திருந்தது.

"அது மணல்வாரிக்குள்ளது அண்ணாச்சி. ஒங்களுக்கு வந்துச்சே, அதே. எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது, எனக்கு வந்ததில்ல. அது ஒங்க சரக்கு. இந்தத் தடவ செருப்புக்குக் காவல் நிக்காதீய. ஒங்க மடியில வச்சுப் போட்டுட்டு வாங்க. வீறிக்கிட்டு அழுவா. அழட்டும். யாருகிட்டயும் கொடுத்துராதீய, நீங்களே வச்சுக்கிடுங்க."